வேலைத் தளங்களில் கறுப்பினப் பெண்கள்: நம்மவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நியூ ஜெர்சியில் மருத்துவமனை ஆள்சேர்ப்புப் பிரிவுகளில் பதினெட்டு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளி வாசலில் பிள்ளைகளுக்காகக் காத்திருக்கும்போது பேச்சு சம்பளம், பதவி உயர்வு என்று சுற்றிவிட்டு அமெரிக்கக் கறுப்பினப் பெண்களிடம் வந்து நிற்கும். கேட்பவர்கள் மாறினாலும் கேள்விகள் மாறுவதில்லை. அங்கே அவசரத்தில் அரைகுறையாகச் சொன்ன பதில்களை இங்கே நிதானமாக எழுதுகிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே இருக்கின்றன. சில கூர்மையானவை. அவற்றை மழுக்க எனக்கு மனம் வரவில்லை.

"கறுப்பினப் பெண்" என்று சொல்வதே அவமதிப்பு இல்லையா?

இல்லை. அவர்கள் தங்களை அப்படித்தான் அழைத்துக்கொள்கிறார்கள். தவிர்க்க வேண்டியது நம் பெரியவர்கள் சிலர் இன்னும் சொல்லும் "காப்பிரி" என்ற சொல்லை. அது அரபு மொழியில் பிறந்து, போர்த்துக்கீசியர் வழியாக, அடிமை வணிகம் நடந்த காலத்தில் நம் கரைக்கு வந்த சொல். வீட்டில் பிள்ளைகள் முன்னால் அதைச் சொல்லாதீர்கள்.

இனப் பாகுபாட்டுக்கு எதிராகச் சட்டம் இருக்கிறது. பெண்களுக்கும் சட்டம் இருக்கிறது. இவர்களுக்கு மட்டும் தனியாக என்ன பேச்சு?

இந்தப் பக்கத்தில் நீங்கள் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள். மிசூரி மாநிலம் செயிண்ட் லூயிஸில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனத்தின் மீது ஐந்து கறுப்பினப் பெண்கள் வழக்குத் தொடுத்தார்கள். 1964க்கு முன்பு அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கு எடுக்கவே இல்லை. பிறகு எடுத்தது. அடுத்து வந்த பொருளாதார மந்தத்தில் பணிமூப்பு குறைந்தவர்களை முதலில் நீக்கியது. கடைசியாக உள்ளே வந்தவர்கள் யார்? 1970க்குப் பிறகு சேர்ந்த கறுப்பினப் பெண்கள் அத்தனை பேரும் வெளியே போனார்கள்.

1976இல் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம் இதை எப்படிப் பார்த்தது தெரியுமா? பெண்களை எடுத்திருக்கிறார்கள், ஆகவே பால் பாகுபாடு இல்லை என்றது. அந்தப் பெண்கள் வெள்ளையினத்தவர், அலுவலக வேலையில் இருந்தவர்கள். இனப் பாகுபாடு என்றால், கறுப்பினத்தவர் ஏற்கெனவே தொடுத்திருந்த இன்னொரு வழக்கோடு சேர்ந்துகொள்ளுங்கள் என்றது. இரண்டையும் இணைத்து ஒரு புதிய உரிமையை உருவாக்க இடமில்லை என்றும் சொல்லிவிட்டது. ஒரு பட்டியலில் கறுப்பின ஆண்கள் இருந்தார்கள், இன்னொன்றில் வெள்ளையினப் பெண்கள் இருந்தார்கள், இந்த ஐவருக்கு எதிலும் இடமில்லை.

சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கைத்தான் எடுத்துக்கொண்டார். நாற்சந்தியில் நிற்பவர் மீது எந்தத் திசையிலிருந்தும் வண்டி மோதலாம், சில நேரம் இரண்டு திசையிலிருந்தும் மோதலாம் என்று அவர் சொன்ன உவமை இன்று உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. தலித் பெண்களின் நிலையைப் பற்றிப் பேசும்போது நாம் சொல்வதும் இதையே.

அது ஐம்பது வருடத்துக்கு முந்தைய தீர்ப்பு. இன்னுமா அதையே பிடித்துக்கொண்டிருக்கிறார்கள்?

சட்டம் நகர்ந்திருக்கிறது. 1980இல் ஐந்தாவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம், கறுப்பின ஆண்களையும் வெள்ளையினப் பெண்களையும் நன்றாக நடத்தினாலும் கறுப்பினப் பெண்களுக்கு எதிராகப் பாகுபாடு காட்ட முடியும் என்று ஏற்றுக்கொண்டது. அதற்கும் வெகுகாலம் முன்பே இதைச் சொன்னவர் பாலி மரே. ஹோவர்ட் பல்கலைக்கழகச் சட்டக் கல்லூரியில் 1944இல் முதலிடத்தில் தேறியவர். மேற்படிப்புக்கு ஹார்வர்டில் விண்ணப்பித்தபோது, பெண் என்பதால் மறுத்தார்கள். நிறவெறிச் சட்டங்களை "ஜிம் குரோ" என்று அழைத்த நாட்டில், தன் வகுப்பறையில் தான் பட்டதற்கு அவர் "ஜேன் குரோ" என்று பெயர் வைத்தார்.

1964இல் குடிமை உரிமைகள் சட்டத்தின் வேலைவாய்ப்புப் பகுதியில் "பால்" என்ற சொல் நிற்குமா நீங்குமா என்று இழுபறியாக இருந்தது. அது நிற்க வேண்டும் என்று வாதாடி மரே ஒரு குறிப்பு எழுதினார். அந்தச் சொல் இல்லாமல் போனால் கறுப்பினப் பெண்களுக்குச் சட்டத்தில் பாதிப் பாதுகாப்புதான் கிடைக்கும் என்பது அவர் வாதம். இன்று இங்கே அலுவலகம் போகும் நம் பெண்கள் ஒவ்வொருவருக்கும் அந்தச் சொல் காவலாக நிற்கிறது.

சரி, எண்ணிக்கை சொல்லுங்கள். உண்மையில் எவ்வளவு வித்தியாசம்?

2023ஆம் ஆண்டு மக்கள்தொகை அலுவலகக் கணக்கின்படி, முழுநேரம், ஆண்டு முழுவதும் வேலை செய்யும் பெண்கள் எல்லாரையும் ஆண்கள் எல்லாரோடும் ஒப்பிட்டால் 100 டாலருக்குச் சுமார் 83 டாலர். கறுப்பினப் பெண்களை மட்டும் வெள்ளையின ஆண்களோடு வைத்துப் பார்த்தால் அது சுமார் 66 டாலராக இறங்குகிறது. "பெண்கள் 83" என்று செய்தித்தாளில் படிக்கும்போது இந்த 66 அதற்குள் மறைந்து கிடக்கிறது.

மக்கள்தொகையில் கறுப்பினப் பெண்கள் ஏறக்குறைய நூற்றுக்கு ஏழு பேர். மருத்துவர்களில் நூற்றுக்கு மூன்றுக்கும் குறைவு. பெரிய சட்ட நிறுவனங்களின் பங்குதாரர்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவுக்கு வரவே இத்தனை காலம் ஆனது. நாட்டின் மிகப் பெரிய 500 நிறுவனங்களில் ஒன்றுக்கு ஒரு கறுப்பினப் பெண் முதன்முதலாகத் தலைமை ஏற்றது 2009இல். ஜெராக்ஸ் நிறுவனத்தில் கோடைக்காலப் பயிற்சியாளராக நுழைந்த அர்சுலா பர்ன்ஸ்தான் அவர். அதற்குப் பின் அந்த நாற்காலிக்கு வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

படிக்காததால் குறைவாக இருக்கிறார்கள். இதில் பாகுபாடு எங்கே வந்தது?

படித்தவர்களுக்கு என்ன நேர்ந்தது என்று பார்ப்போம். சேடி அலெக்சாண்டர் 1921இல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பொருளாதாரத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அந்தத் துறையில் முனைவரான முதல் கறுப்பின அமெரிக்கர், ஆண் பெண் இருபாலிலும். எந்தப் பல்கலைக்கழகமும் பொருளாதாரம் கற்பிக்க அவரை அழைக்கவில்லை. வட கரோலினாவில் கறுப்பினத்தவர் நடத்திய காப்பீட்டு நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்தார். பிறகு சட்டம் படித்து 1927இல் வழக்கறிஞரானார். அவருக்கு அரை நூற்றாண்டு முன்பு, 1872இல், நாட்டின் முதல் கறுப்பினப் பெண் வழக்கறிஞரான சார்லட் ரே வாஷிங்டனில் அலுவலகம் திறந்தார். கட்சிக்காரர்கள் வராததால் அதை மூடிவிட்டு நியூயார்க்கில் பள்ளி ஆசிரியை ஆனார்.

படிக்கும் இடங்களும் மூடப்பட்டன. மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்து 1910இல் ஆபிரகாம் ஃபிளெக்ஸ்னர் கொடுத்த அறிக்கை அமெரிக்க மருத்துவக் கல்வியின் தரத்தை உயர்த்தியது என்பது உண்மை. கறுப்பினத்தவருக்கு அப்போது இருந்த ஏழு மருத்துவக் கல்லூரிகளில் ஹோவர்ட், மெஹாரி இரண்டும் போதும் என்று சொன்னதும் அதே அறிக்கைதான். மற்ற ஐந்தும் சில ஆண்டுகளில் மூடின. அவை இயங்கியிருந்தால் கூடுதலாக 35,000 பேருக்கு மேல் மருத்துவர்களாகியிருக்கக்கூடும் என்று 2020இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. இன்று என் மேசைக்கு வரும் விண்ணப்பங்களில் அவர்களின் பேத்திகள் இருந்திருக்க வேண்டும்.

இன்றைய நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். 2004இல் வெளியான ஓர் ஆய்வில் பாஸ்டன், சிகாகோ நகரங்களில் விளம்பரமான வேலைகளுக்குச் சுமார் 5,000 கற்பனை விண்ணப்பங்களை அனுப்பினார்கள். தகுதி ஒன்றே, பெயர் மட்டும் வேறு. எமிலி என்பதுபோல வெள்ளையினப் பெயர் தாங்கியவற்றுக்கு, லக்கீஷா என்பதுபோலக் கறுப்பினப் பெயர் தாங்கியவற்றைவிட 50 விழுக்காடு கூடுதலாக அழைப்பு வந்தது. ஆய்வாளர்களில் ஒருவரான செந்தில் முல்லைநாதன் தமிழ்நாட்டில் பிறந்தவர்.

வேலைக்கு வந்துவிட்டால் அதற்குப் பிறகு எல்லாருக்கும் ஒரே ஏணிதானே?

அந்த ஏணியின் முதல் படியே உடைந்திருக்கிறது. பெருநிறுவனங்களை ஆண்டுதோறும் ஆராயும் ஒரு பெரிய அறிக்கை 2023இல் சொன்னது: கடைநிலையிலிருந்து மேலாளராக 100 ஆண்கள் உயரும்போது 87 பெண்கள் உயர்கிறார்கள், கறுப்பினப் பெண்கள் 54 பேர்தான். இங்கும் மொத்தக் கணக்கு ஒன்று சொல்கிறது, பிரித்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது.

நாசாவின் மேரி ஜாக்சன் கதையின் முதல் பாதி பலருக்குத் தெரியும். பொறியியல் வகுப்புகள் வெள்ளையினத்தவர் பள்ளிக் கட்டடத்தில் நடந்ததால், அங்கே போய் உட்காரவே ஹாம்ப்டன் நகர நிர்வாகத்திடம் அனுமதி கேட்க வேண்டியிருந்தது. 1958இல் நாசாவின் முதல் கறுப்பினப் பெண் பொறியாளர் ஆனார். இரண்டாம் பாதியை யாரும் சொல்வதில்லை. நிர்வாகப் பதவி அவருக்குக் கடைசிவரை கிடைக்கவில்லை. 1979இல் தானே பதவி இறக்கத்தை ஏற்று, பெண்களின் பணிவாய்ப்பைக் கவனிக்கும் பொறுப்புக்கு மாறினார். தனக்கு எட்டாதது பின்னால் வருபவர்களுக்காவது எட்டட்டும் என்று. இன்று வாஷிங்டனில் நாசா தலைமையகக் கட்டடம் அவர் பெயரில் நிற்கிறது.

நான் பார்த்தது ஒன்று. முன்பு வேலை செய்த ஒரு மருத்துவமனையில் செவிலியர் மேற்பார்வையாளர் பதவிக்கு நேர்காணல். ஆள் போதாத இரவில் இன்னொரு நோயாளியை உங்கள் பிரிவுக்கு அனுப்பினால் என்ன செய்வீர்கள் என்று எல்லாரிடமும் கேட்டோம். பன்னிரண்டு ஆண்டு அனுபவமுள்ள கறுப்பினப் பெண் ஒருவர், மறுப்பேன், காரணத்தை எழுதிக் கொடுப்பேன் என்றார். வெள்ளையின ஆண் ஒருவரும் அதையே சொன்னார். அவருடைய தாளில் "உறுதியானவர்" என்று எழுதியிருந்தது, அந்தப் பெண்ணின் தாளில் "ஒத்துழைப்பு குறைவு". இரண்டு தாள்களும் என் முன்னால் கிடந்தன. நான் வாய் திறக்காமல் கையெழுத்துப் போட்டேன். அந்தக் கையெழுத்து இன்றும் என்னை உறுத்துகிறது.

தலைமுடிக்குக்கூடச் சட்டம் போட்டார்களாமே? இது கொஞ்சம் அதிகம் இல்லையா?

நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். அலபாமாவில் ஒரு பெண்ணுக்கு வாடிக்கையாளர் சேவை வேலை உறுதியாகிவிட்டது. அவர் தலைமுடி இயல்பாகச் சடைபிடித்து, குட்டையான புரிகளாக இருந்தது. அதை வெட்டினால்தான் வேலை என்றார்கள். அவர் மறுத்தார், வேலை போயிற்று. 2016இல் பதினோராவது வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. தோலின் நிறத்தை மாற்ற முடியாது, சிகையலங்காரத்தை மாற்றிக்கொள்ளலாம் என்பது அதன் பார்வை.

மாற்றிக்கொள்வது என்றால் என்ன என்று கேட்டுப் பாருங்கள். சுருண்ட முடியை நேராக்க, தலைத்தோலை எரிக்கக்கூடிய காரக் களிம்பு, அல்லது சூடான இரும்பு. அதை வாழ்நாள் முழுவதும் சில வாரங்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டும். முளைக்கிறபடியே முடியை வைத்திருந்தால் "தொழில்முறைத் தோற்றம் இல்லை" என்பார்கள். எண்ணெய் வைத்துப் பின்னிய சடையோடு அலுவலகம் போகத் தயங்கிய நம் பெண்களுக்கு இந்த வலியின் ஒரு சிறு பங்காவது புரியும். இயல்பான முடியையும் சிகையலங்காரத்தையும் வைத்துப் பாகுபாடு காட்டுவதைத் தடுக்கும் "கிரவுன் சட்டத்தை" கலிபோர்னியா 2019இல் கொண்டுவந்தது. அதன்பின் இருபதுக்கு மேற்பட்ட மாநிலங்கள் பின்பற்றின, எங்கள் நியூ ஜெர்சியும். நாடு முழுமைக்குமான மசோதா 2022இல் கீழவையில் நிறைவேறி, மேலவையில் நின்றுபோனது.

நாமும் கையில் ஒன்றும் இல்லாமல்தான் வந்தோம். உழைத்து முன்னேறவில்லையா? அவர்களால் ஏன் முடியவில்லை?

நாம் வர வழி திறந்தது யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். 1946 முதல் இந்தியர்களுக்கு இருந்த குடியேற்ற ஒதுக்கீடு ஆண்டுக்கு 100 பேர். 1965இல் வந்த குடியேற்றச் சட்டம்தான் நாடுவாரி ஒதுக்கீட்டை நீக்கி, படித்த தொழில் வல்லுநர்களுக்கு முன்னுரிமை தந்தது. குடிமை உரிமைகள் சட்டம் 1964இல், வாக்குரிமைச் சட்டம் 1965இல், அதே மூச்சில் இதுவும். தெருவில் இறங்கிக் கறுப்பின மக்கள் அடிபட்டு, நாய்களிடம் கடிபட்டு, பிறப்பை வைத்து மனிதரைத் தரம் பிரிப்பது தவறு என்று நாட்டை ஒப்புக்கொள்ள வைத்தார்கள். அந்தக் கதவு வழியாக நாம் வந்தோம்.

வந்தவர்களும் வெறுங்கையோடு வரவில்லை. பெட்டியில் எட்டு டாலர் இருந்திருக்கலாம், கூடவே கிண்டியிலோ வேலூரிலோ படித்த பட்டமும் இருந்தது. கறுப்பினப் பெண்களின் பாட்டிகளுக்கு என்ன இருந்தது? 1940இல் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் பத்தில் ஏறக்குறைய ஆறு பேர் அடுத்தவர் வீட்டில் சமைத்து, துவைத்து, பிள்ளை வளர்த்தவர்கள். 1935இல் வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத்தின் ஓய்வூதியம் வீட்டு வேலையாளுக்கும் விவசாயக் கூலிக்கும் இல்லை என்று விலக்கப்பட்டது. 1938இன் குறைந்தபட்சக் கூலிச் சட்டமும் அவர்களைச் சேர்க்கவில்லை. உழைப்பு குறையவில்லை. உழைப்பு சொத்தாக மாறி அடுத்த தலைமுறைக்குப் போகும் வழி அடைக்கப்பட்டிருந்தது.

இது நம் ஊர் இடஒதுக்கீடு மாதிரிதானே?

நோக்கம் ஒன்று, முறை வேறு. தமிழ்நாட்டில் 69 விழுக்காடு என்று எண்ணிக்கையே சட்டத்தில் இருக்கிறது. அமெரிக்காவில் 1978இலேயே உச்ச நீதிமன்றம் இனவாரியாக இடங்களை ஒதுக்கி வைக்கக் கூடாது என்றுவிட்டது. ஒரு மருத்துவக் கல்லூரி 100 இடங்களில் 16 இடங்களைத் தனியே வைத்திருந்த வழக்கு அது. பல அம்சங்களில் ஒன்றாக இனத்தைக் கருதலாம் என்ற சிறு இடைவெளி மட்டும் மிஞ்சியது. கல்லூரிச் சேர்க்கையில் 2023 ஜூனில் அதுவும் மூடப்பட்டது.

நம் முறையில் எனக்குப் பெருமையான ஒன்று உண்டு. 1989இல் தமிழ்நாடு அரசு வேலைகளில் பெண்களுக்குக் கொண்டுவந்த 30 விழுக்காடு, ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் தனித்தனியே கணக்கிடப்படுகிறது. பட்டியல் சாதியினர் பங்கில் அந்தச் சாதிப் பெண்களுக்கு இடம் இருக்கும். இரண்டாம் கேள்வியில் சொன்ன ஐந்து பெண்களுக்கு அப்படி ஒரு கணக்கு இருந்திருந்தால் வழக்கே எழுந்திருக்காது.

கமலா ஹாரிஸ் துணை அதிபரானார். கெட்டான்ஜி பிரவுன் ஜாக்சன் உச்ச நீதிமன்ற நீதிபதி. இன்னும் என்ன வேண்டும்?

சியாமளா கோபாலனின் மகள் அந்தப் பதவிக்கு வந்த நாளில் நானும் அழுதேன். ஆனால் ஜாக்சன் பதவியேற்ற 2022இல் அந்த நீதிமன்றத்துக்கு வயது 232. முதலில் ஒருவர் வந்துவிட்டார் என்பது, அதுவரை எத்தனை பேரை வரவிடாமல் தடுத்தார்கள் என்பதற்கும் சாட்சி.

வந்தவர்களுக்கும் சந்தேகம் காத்திருக்கிறது. கான்ஸ்டன்ஸ் பேக்கர் மாட்லி உச்ச நீதிமன்றத்தில் வாதாடிய பத்து வழக்குகளில் ஒன்பதை வென்றவர். 1966இல் முதல் கறுப்பினப் பெண் கூட்டாட்சி நீதிபதி. 1975இல் ஒரு பெரிய சட்ட நிறுவனத்துக்கு எதிரான பெண் பாகுபாட்டு வழக்கு அவரிடம் வந்தது. நீங்கள் கறுப்பினத்தவர், பெண், பாகுபாட்டை அனுபவித்திருப்பீர்கள், ஆகவே விலகிக்கொள்ளுங்கள் என்று நிறுவனத் தரப்பு கேட்டது. மாட்லி மறுத்துவிட்டார். இனமோ பாலோ விலகுவதற்குக் காரணம் என்றால் இந்த நீதிமன்றத்தில் எந்த நீதிபதியாலும் இந்த வழக்கை விசாரிக்க முடியாது என்றார். வெள்ளையின ஆணுக்கும் இனமும் பாலும் உண்டு என்று அதுவரை யாருக்கும் தோன்றவில்லை.

கறுப்பினப் பெண்களுக்கு மட்டும் உதவித்தொகை என்றால் அது மற்றவர்களுக்கு எதிரான பாகுபாடு ஆகாதா?

நேர்மையான கேள்வி, நீதிமன்றங்களும் கேட்டிருக்கின்றன. அட்லாண்டாவின் ஃபியர்லெஸ் ஃபண்ட் கறுப்பினப் பெண்கள் நடத்தும் சிறு தொழில்களுக்கு 20,000 டாலர் நல்கை கொடுத்தது. அமெரிக்காவின் துணிகர முதலீட்டில் நூற்றில் ஒரு பங்குகூட அவர்களுக்குப் போவதில்லை என்பதுதான் காரணம். 2023இல் அதன்மீது வழக்கு வந்தது. 2024 ஜூனில் மேல்முறையீட்டு நீதிமன்றம் நல்கையை நிறுத்திவைத்தது. செப்டம்பரில் சமரசம் செய்து திட்டத்தை மூடினார்கள். பயன்படுத்தப்பட்ட சட்டம் 1866இல், விடுதலையான அடிமைகளும் வெள்ளையினத்தவர்போல ஒப்பந்தம் செய்யலாம் என்று உறுதி தர இயற்றப்பட்டது. அதைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

2025 ஜனவரியில், அரசு ஒப்பந்ததாரர்கள் சமவாய்ப்புக்கு முனைந்து செயல்பட வேண்டும் என்ற 1965ஆம் ஆண்டு ஆணையும் நீக்கப்பட்டது. அதே ஆண்டு ஜூனில் உச்ச நீதிமன்றம், பெரும்பான்மைப் பிரிவினர் பாகுபாட்டு வழக்குத் தொடுத்தால் அவர்களிடம் கூடுதல் ஆதாரம் கேட்கக் கூடாது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. எழுதியவர் நீதிபதி ஜாக்சன். அந்தத் தீர்ப்பை நான் சரி என்றே நினைக்கிறேன். சட்டம் எல்லாருக்கும் ஒன்றாக இருக்கட்டும். ஆனால் ஒரு வாசலை மூடியவர்கள் முதலீட்டில் அந்த ஒரு பங்குகூட இல்லாத நிலைக்கு என்ன மருந்து என்று சொல்ல வேண்டும். இதுவரை சொல்லவில்லை.

அப்படியானால் சட்டத்துக்கு உட்பட்டு ஒரு நிறுவனம் என்னதான் செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம், எல்லாருக்கும் பொதுவாகவே. நேர்காணலுக்கு முன்பே மதிப்பெண் அளவுகோலை எழுதி வையுங்கள். பதில்களுக்கு அங்கேயே தனித்தனியாக மதிப்பெண் போடுங்கள். நாங்கள் அப்படிச் செய்திருந்தால் அந்த இரண்டு தாள்களின் கதை நடந்திருக்காது. சம்பள வரம்பை விளம்பரத்திலேயே சொல்லுங்கள். கொலராடோ 2021இல் இதைக் கட்டாயமாக்கியது, நியூ ஜெர்சி 2025 ஜூனில். பழைய சம்பளம் எவ்வளவு என்று கேட்காதீர்கள். முந்தைய இடத்தில் குறைத்துக் கொடுத்ததை நீங்களும் தொடர்வதாகிவிடும்.

கணக்கையும் பிரித்துப் பாருங்கள். 100 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் 1966 முதலே ஆண்டுதோறும் ஓர் அறிக்கை தர வேண்டும். அதில் ஒவ்வொரு பணிநிலையிலும் இனத்தையும் பாலையும் சேர்த்துப் பிரித்த கட்டங்கள் உண்டு. கறுப்பினப் பெண்களுக்கான கட்டம் அங்கேயே இருக்கிறது. அதை நிரப்பி அனுப்பும் பலர் மேலிருந்து கீழாக ஒருமுறை படித்துப் பார்ப்பதில்லை.

நான் சாதாரண ஊழியர். என்னால் என்ன ஆகும்?

கூட்டத்தில் உங்களோடு வேலை செய்யும் கறுப்பினப் பெண் சொன்ன யோசனையை வேறொருவர் தனதாகச் சொன்னால், முதலில் சொன்னவர் பெயரைச் சொல்லுங்கள். பதவி உயர்வுப் பேச்சு வரும் அறையில் நீங்கள் இருந்து அவர் இல்லை என்றால், அவர் செய்த வேலையை எடுத்துச் சொல்லுங்கள். இன்னொன்று உங்கள் சம்பளத்தைச் சொல்வது. தனியார் துறையில் மேற்பார்வைப் பொறுப்பில் இல்லாத ஊழியர்கள் சம்பளத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசுவதை 1935இன் தொழிலாளர் உறவுச் சட்டம் பாதுகாக்கிறது. நம் ஊரில் கல்யாணப் பந்தியில்கூடக் கூச்சமில்லாமல் கேட்டுவிடுவோம். இங்கே வந்ததும் அதை ரகசியமாக்கக் கற்றுக்கொண்டோம்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், என் வேலையையே பார்க்கும், என்னைவிட இரண்டு ஆண்டு மூத்த ஒரு கறுப்பினத் தோழி மதிய உணவின்போது என் சம்பளத்தைக் கேட்டார். நான் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்தார். தன்னுடையதைச் சொன்னார். ஒன்பதாயிரம் டாலர் குறைவு. மறுவாரம் அவர் மேலாளரைப் பார்க்கப் போனபோது, அவர் கேட்டுக்கொண்டபடி, என் சம்பளச் சீட்டின் நகலையும் கொடுத்து அனுப்பினேன்.